கலங்களைக் கட்டிவைத்துப் பிறபொருளெதிரி எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கம் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். பயோரியாக்டர், அதாவது உயிருள்ள கலங்களை வளர்த்து அவற்றைக் கொண்டு மருந்து போன்றவற்றைச் செய்விக்கும் கருவி, பாடத்தில் வந்தால் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் விட மாட்டார்கள். மகரகம ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் போய் சேலைன் மாதிரி ஏற்றும் புற்றுநோய் மருந்து எடுத்து வருகிறவர்களின் வீட்டுக்காரர்களும் கேட்கிறார்கள், “சேர், இது எதில இருந்து எடுக்கிறாங்க?” என்று. அந்த மருந்துகளில் சில பிறபொருளெதிரிகள் (அன்டிபொடி), அதாவது உடம்பு அந்நியப் பொருட்களைப் பிடிக்கச் செய்யும் புரதங்கள். வகுப்பில் பாதியில் விட்டுப்போன பதில்களையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எங்கே சுற்றினாலும் கதை கடைசியில் ஒட்சிசனில்தான் வந்து நிற்கும், வாசிக்கும்போது அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறபொருளெதிரியை ஏன் உயிருள்ள கலத்தைக் கொண்டு செய்ய வேண்டும்? மற்ற மருந்து மாதிரி இரசாயன முறையில் செய்ய முடியாதா?

முடியாது, காரணம் அளவு. பனடோலில் இருக்கும் பரசிற்றமோல் மூலக்கூறின் திணிவு 151 டால்ட்டன். மருந்தாகப் பயன்படும் சாதாரண பிறபொருளெதிரி ஒன்றின் திணிவு சுமார் 1,50,000, அதாவது ஆயிரம் மடங்கு. 1,300க்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள், நான்கு சங்கிலிகள், அவற்றைப் பிணைக்கும் கந்தகப் பாலங்கள். அதற்கு மேல் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒட்டியிருக்கும் வெல்லச் சங்கிலி வேறு. அந்த வெல்லம் சரியாக இல்லாவிட்டால் பிறபொருளெதிரி இலக்கைப் பிடித்தாலும், நோயெதிர்ப்புக் கலங்களை உதவிக்கு அழைக்கும் வேலை கெட்டுப்போகும். இன்சுலினைப் பற்றீரியாவில் செய்கிறார்கள், ஆனால் பற்றீரியாவுக்கு இந்த வெல்லத்தை மனித உடலுக்கு ஒத்த மாதிரி ஒட்டத் தெரியாது. அதனால்தான் முலையூட்டியின் கலம் தேவைப்படுகிறது.

எந்த விலங்கின் கலம்?

ஆரம்பத்தில் சுண்டெலி. 1975இல் கேம்பிரிட்ஜில் ஜோர்ஜஸ் கோலர், சீசர் மில்ஸ்டைன் இருவரும் ஒரு வேலை செய்தார்கள். சுண்டெலியின் மண்ணீரலில் இருந்து எடுத்த, பிறபொருளெதிரி சுரக்கும் கலத்தைச் சாகாமல் பிரிந்துகொண்டே இருக்கும் ஒரு புற்றுக்கலத்தோடு இணைத்தார்கள். மண்ணீரல் கலம் தனியாக இருந்தால் வளர்ப்பில் சில நாட்களில் செத்துவிடும், புற்றுக்கலத்துக்கோ நமக்கு வேண்டிய பிறபொருளெதிரியைச் செய்யத் தெரியாது. இரண்டும் சேர்ந்த ஹைபிரிடோமாவுக்கு இரண்டும் முடியும். ஒரே ஒரு கலத்தில் இருந்து பெருகிய கூட்டம் ஒரே வகைப் பிறபொருளெதிரியை மட்டும் தரும் என்பதால் மொனோகுளோனல் என்கிறோம். இதற்கு 1984இல் நீல்ஸ் ஜேர்னுடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. இவர்கள் இதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை என்பதையும் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்வேன், உலகம் முழுக்க இது அவ்வளவு வேகமாகப் பரவியதில் அதற்கும் பங்கு உண்டு.

இப்போது மருந்துக்குப் பெரும்பாலும் சீன வெள்ளெலியின் சூலகத்தில் இருந்து 1957இல் எடுத்து, அன்றிலிருந்து வளர்த்துவரும் கலவழியைப் பயன்படுத்துகிறார்கள்.

சரி, கலத்தை நிலைப்படுத்துவது என்றால் என்ன? சும்மா திரவத்தில் மிதக்கவிட்டால் ஆகாதா?

ஆகும். ஆனால் சாப்பாட்டை மாற்ற முடியாது. கலங்கள் குளுக்கோசையும் குளுட்டமினையும் தின்று இலற்றிக்கமிலத்தையும் அமோனியாவையும் வெளியே விடுகின்றன. சில நாட்களில் ஊடகமே, அதாவது கலங்கள் வளரும் சத்துத் திரவமே, நஞ்சாகிவிடும். பழைய ஊடகத்தை வெளியேற்றிப் புதியதை விடலாம் என்றால், மிதக்கும் கலங்களும் அதோடு சேர்ந்து போய்விடும். அதனால் கலங்களை ஏதாவது ஒன்றில் ஒட்டவோ சிறைப்படுத்தவோ செய்து, ஊடகத்தை மட்டும் ஓடவிட யோசித்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. விலங்குக் கலத்துக்குச் சுவர் கிடையாது, மெல்லிய மென்சவ்வு மட்டும்தான். தொட்டியில் காற்றுக் குமிழி மேலே வந்து உடையும்போது அந்த இடத்தில் இருக்கும் கலம் கிழிந்துவிடும். ஒரு பொருளுக்குள் ஒதுங்கியிருக்கும் கலத்துக்கு அந்த ஆபத்துக் குறைவு.

மூன்றாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது. இடநெருக்கடியில் ஹைபிரிடோமாக் கலம் பிரிவதை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும், ஆனால் பிறபொருளெதிரி சுரப்பதை நிறுத்தாது. பெருகுவதற்குப் போகாமல் மிஞ்சும் சாப்பாடு உற்பத்திக்குப் போகிறது. சாதாரணக் குடுவையில் ஒரு மில்லிலீற்றருக்குச் சுமார் 10 இலட்சம் கலங்கள் என்றால், நெருக்கி வைத்த முறைகளில் 10 கோடி வரை போகலாம்.

எந்தெந்த வழிகளில் நிலைப்படுத்துகிறார்கள்?

பழையது நுண்மணி. 1967இல் நெதர்லாந்தின் வான் வெசல் கொண்டுவந்தது. ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு போல விட்டமுள்ள மணிகளின் மேல் கலங்கள் ஒட்டி வளரும், மணிகள் ஊடகத்தில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும். ஒட்டி வளரும் பழக்கமுள்ள கலங்களுக்கு இது சரி. தடுப்பூசி செய்யும் வெரோ கலங்கள், அதாவது ஆபிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்தில் இருந்து வந்தவை, அப்படிப்பட்டவைதான். ஹைபிரிடோமா ஒட்டாது, மிதக்கும். அதற்குத் துளையுள்ள மணியோ நாரோ வேண்டும், உள்ளே புகுந்து சிக்கிக்கொள்ள.

நார் வட்டு முறையில் 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள பொலியெஸ்டர் வட்டுகளை ஒரு கூடையில் நிரப்பி, அதற்குள் ஊடகத்தை ஓடவிடுவார்கள். தேயிலை பெக்டரியில் கொழுந்து வாட்டும் நீளத் தொட்டியைப் பார்த்தவர்களுக்கு இதன் பிரச்சினை உடனே விளங்கும். கொழுந்தைக் கனமாகப் போட்டாலோ ஒரு பக்கம் அமுங்கிக் கிடந்தாலோ, கீழே இருந்து வரும் காற்று இலகுவான இடத்தைப் பார்த்துப் புகுந்து போய்விடும், அமுங்கிய இடத்துக் கொழுந்து வாடாமல் கிடந்து சூடேறும். வட்டுக் கூடையிலும் ஊடகம் அப்படித்தான் குறுக்கு வழி பிடிக்கும். ஒரு பக்கக் கலங்கள் செழிப்பாக இருக்க, இன்னொரு பக்கம் பட்டினியில் சாகும், வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அடுத்தது அல்ஜினேற்று. கபில நிறக் கடற்பாசியில் இருந்து வருவது. கலங்களைச் சோடியம் அல்ஜினேற்றுக் கரைசலில் கலந்து கல்சியம் குளோரைட்டுக்குள் துளித்துளியாக விட்டால் ஒவ்வொரு துளியும் கட்டியாகி மணியாகும். மேலே பொலிலைசின் பூசி மென்சவ்வு மாதிரி ஒன்றை ஏற்படுத்திவிட்டு உள்ளே இருக்கும் கட்டியை மறுபடி இளக்கவும் முடியும். மென்சவ்வின் துளைகளைச் சிறிதாக வைத்தால் குளுக்கோசு உள்ளே போகும், பிறபொருளெதிரி வெளியே வராமல் உள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும். கடைசியில் மணிகளைக் கழுவி உடைத்தால் செறிவாகக் கிடைக்கும்.

எனக்கு மிகவும் விருப்பமானது வெற்றுக்குழல் நார் முறை. 1972இல் ரிச்சர்ட் நாசெக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் வெளியிட்டது. முடியளவு மெல்லிய குழல்கள் ஆயிரக்கணக்கில் ஓர் உறைக்குள் இருக்கும். குழல்களின் உள்ளே ஊடகம் ஓடும், குழல்களுக்கு வெளியே உள்ள இடைவெளியில் கலங்கள் இருக்கும். குழலின் சுவர் வழியாகச் சாப்பாடும் ஒட்சிசனும் கலங்களுக்குப் போக, கழிவு திரும்பி வரும். பிறபொருளெதிரி பெரியது என்பதால் சுவரைத் தாண்டாது. கண்டி ஆஸ்பத்திரியில் டயலிசிஸ் செய்கிறவர்கள் பார்த்திருப்பீர்கள், அந்த வடிகட்டிக்குள் இருப்பதும் இதே அமைப்புத்தான். கையில் பிடிக்கக்கூடிய ஓர் உறையை வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஓட்டி, கலங்கள் இருக்கும் பக்கத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக அறுவடை செய்துகொண்டே இருக்கலாம்.

இவ்வளவு நல்ல முறை என்றால் எல்லாரும் இதைத்தானே செய்ய வேண்டும்? எங்கே இடிக்கிறது?

ஒட்சிசனில். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊடகத்தில் குளுக்கோசு ஒரு லீற்றருக்குக் கிராம் கணக்கில் இருக்கிறது. ஒட்சிசன், 37 பாகையில் காற்றோடு நிரம்பிய நிலையில்கூட ஒரு லீற்றருக்கு 7 மில்லிகிராமை எட்டாது, 0.2 மில்லிமோல் போலத்தான். மில்லிலீற்றருக்கு 10 இலட்சம் கலங்கள் இருந்தால் அவை மூச்சுவிடும் வேகத்தில் அந்த ஒட்சிசன் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் வரும். அதே இடத்தில் 10 கோடி கலங்களை நெருக்கி வைத்தால் நூறு மடங்கு வேகமாகத் தீரும், ஒரு நிமிடம்கூடத் தாங்காது. சாப்பாடு மணித்தியாலக் கணக்கில் தாங்கும்போது ஒட்சிசன் செக்கன் கணக்கில் முடிகிறது.

அதோடு, நெருக்கமாக அடுக்கிய கலங்களுக்குள் ஒட்சிசன் பரவிப் போகக்கூடிய தூரம் 100, 200 மைக்கிரோமீற்றர்தான். ஒரு கலத்தின் விட்டம் 10 முதல் 20 மைக்கிரோமீற்றர் என்று வைத்தால் பத்துப் பதினைந்து கலங்களுக்கு அப்பால் இருப்பவை மூச்சுத் திணறும். பெரிய அல்ஜினேற்று மணியை வெட்டிப் பார்த்தால் ஓரத்தில் உயிருள்ள கலங்களும் நடுவில் செத்தவையும் இருப்பது இதனால்தான். நம் உடம்பில் அநேகமான கலங்கள் இந்தத் தூரத்துக்குள் ஒரு மயிர்த்துளைக் குழாயை வைத்திருக்கின்றன, அது மட்டுமில்லாமல் ஒட்சிசனைச் சுமக்க ஈமோகுளோபினும் இருக்கிறது. பயோரியாக்டர் ஊடகத்தில் அது இல்லை.

பெரிய அளவில் செய்வதும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. குழல் நாரை நீளமாக்கினால் நுழையும் முனையில் ஒட்சிசன், வெளியேறும் முனையில் ஒன்றுமில்லை. அதனால் பெரிய உறை செய்யாமல் சிறிய உறைகளைப் பக்கம் பக்கமாக வைக்க வேண்டியதாகிறது. செலவு குறையவே குறையாது.

நுவரெலியா உயரத்தில் கலம் வளர்த்தால் வித்தியாசம் வருமா?

இந்தக் கேள்வியை ஒரு பிள்ளை கேட்டபோது மனம் நிறைந்துவிட்டது, ஏனென்றால் கடல்மட்டத்தில் எழுதப்பட்ட புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். வளிமண்டல அழுத்தம் அங்கே கொழும்பில் இருப்பதில் சுமார் 80 வீதம்தான். அதனால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, காற்றில் ஒட்சிசனின் பங்கு அதே 21 வீதம்தான், ஆனால் பகுதியமுக்கம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஒட்சிசன் தரும் பங்கு, ஐந்தில் ஒன்று குறைவு, ஊடகத்தில் கரைவதும் அவ்வளவு குறையும். ஏற்கெனவே செக்கன் கணக்கு. ஆகவே காற்றோடு தூய ஒட்சிசனையும் கலந்து கொடுக்க வேண்டி வரும்.

இரண்டாவது காபனீரொட்சைட்டு. வளர்ப்புப் பெட்டியில் 5 வீதம் என்று வைப்பது வழக்கம், ஊடகத்தின் பைகாபனேற்றோடு சேர்ந்து பீஎச் பெறுமானத்தை 7.4ஐ ஒட்டி வைத்திருப்பது அதுதான். நுவரெலியாவில் 5 வீதம் என்பது கடல்மட்டத்து 4 வீதத்துக்குச் சமன், ஊடகம் காரப்பக்கம் சாயும், அதில் போட்ட நிறங்காட்டியான பீனோல் சிவப்பு ஊதாப் பக்கம் போகும். 6க்குச் சற்று மேல் வைத்தால்தான் சரிவரும்.

மூன்றாவது ஓட்டோகிளேவ், அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் பாத்திரம். அழுத்தமானி காட்டுவது வெளியே இருக்கும் காற்றைவிட எவ்வளவு கூட என்பதை மட்டும்தான். கொழும்பில் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் என்றால் 121 பாகை. அதே 15இல் நுவரெலியாவில் 118 பாகையை ஒட்டித்தான் வரும், 18 வரை ஏற்ற வேண்டும். அதனால் அழுத்தத்தைப் பார்க்காமல் வெப்பநிலையைப் பாருங்கள். வாரக்கணக்கில் ஓடும் வளர்ப்பில் ஒரேயொரு பற்றீரியா வித்து தப்பினாலும் எல்லாம் போச்சு: விலங்குக் கலம் ஒரு முறை பிரிய ஒரு நாள் எடுக்கும், பற்றீரியா அரை மணித்தியாலத்தில் பிரிந்துவிடும்.

கரண்ட் போனால்?

மேலே போட்ட கணக்கே பதில். பம்பி நின்றால் நெருக்கமாக உள்ள கலங்களுக்கு நிமிடங்கள்தான். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள், அப்படியான நாட்டில் இதைச் செய்வதென்றால் மின்பிறப்பாக்கியும் இடையில் தாங்கும் பற்றரியும் கருவி வாங்கும் முன்பே இருக்க வேண்டும்.

இப்போது உலகத்தில் மருந்து செய்பவர்கள் இந்த முறையைத்தான் பாவிக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. வெள்ளெலிக் கலங்களை மிதந்து வளரப் பழக்கி, 10,000 லீற்றருக்கு மேற்பட்ட உருக்குத் தொட்டிகளில், இடையிடையே சத்தை மட்டும் சேர்த்து இரண்டு வாரம் போல ஓட்டுகிறார்கள். மாற்றியமைத்த கலங்கள் லீற்றருக்கு 3, 5 கிராம் என்று தருகின்றன. ஹைபிரிடோமாவைக் குடுவையில் வளர்த்த காலத்தில் மில்லிகிராம் கணக்குத்தான். தொட்டியில் இருந்து மாதிரி எடுத்துக் கலங்களை எண்ணலாம், நார் உறையில் அது முடியாது. குளுக்கோசு எவ்வளவு குறைந்தது என்று பார்த்துத்தான் உள்ளே எத்தனை கலம் உயிரோடு இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கு ஊகம் போதாது.

ஆனால் நிலைப்படுத்தும் எண்ணம் செத்துவிடவில்லை. ஆய்வுக்கோ பரிசோதனைப் பெட்டிக்கோ கொஞ்சம் பிறபொருளெதிரி போதும் என்றால் வெற்றுக்குழல் நார் இன்னமும் நல்ல வழி. நார்ப் படுக்கைகளைத் தடுப்பூசிக்கும் மரபணு சிகிச்சைக்கான வைரசு வளர்க்கவும் பாவிக்கிறார்கள். மிதக்கும் கலங்களைக் குழல் வடிகட்டியால் தடுத்துவைத்து ஊடகத்தை மட்டும் மாற்றும் தொடரோட்ட முறையும் வேகமாகப் பரவுகிறது. கலத்தை ஒட்டவில்லையே தவிர நோக்கம் பழைய நோக்கம்தான்.

மாட்டு இரத்தம் சேர்ப்பார்கள் என்று சொல்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. மாட்டின் வயிற்றில் இருக்கும் கன்றின் இரத்தத்தில் இருந்து எடுக்கும் சீரத்தை 5, 10 வீதம் சேர்ப்பது ஆய்வுகூடங்களில் நெடுநாள் வழக்கம். எங்கள் ஆட்கள் பலருக்கு இது மனதைக் குத்தும், எனக்கும்தான். மருந்து உற்பத்தியில் இப்போது பெரும்பாலும் சீரமில்லாத ஊடகம். நோய்க்கிருமி பயமும் அதற்கு ஒரு காரணம். நெருக்கமாக நிலைப்படுத்திய கலங்கள் பொதுவாகக் குறைந்த சீரத்திலும் தாக்குப்பிடிக்கும்.

சுண்டெலி விஷயம் இதைவிடக் கொடியது. முன்பு ஹைபிரிடோமாவை உயிருள்ள சுண்டெலியின் வயிற்றறைக்குள் செலுத்தி, அது நீர் கோத்து வீங்கியதும் அந்த நீரை எடுப்பார்கள். ஐரோப்பிய நாடுகள் சில இதைத் தடுத்தன, மற்ற இடங்களிலும் வெகுவாகக் குறைந்தது. அந்தச் சுண்டெலிக்குப் பதிலாக வந்ததில் முக்கியமானது நார் உறை. இதற்காகவே இந்தக் கருவி மேல் எனக்கு மரியாதை உண்டு.

இதனால் தோட்டத்து மக்களுக்கு என்ன?

டெங்கு என்று சந்தேகித்து விரைவுப் பரிசோதனை செய்தால், அந்த அட்டைக்குள் கோடு காட்டுவது பிறபொருளெதிரி. கர்ப்பப் பரிசோதனைப் பட்டியிலும் அதுதான்.

பெரியது விசர்நாய்க்கடி. லயத்துப் பக்கம் நாய் கடித்த பிள்ளைக்குக் காயம் ஆழமாக இருந்தால் தடுப்பூசியோடு ஆயத்தப் பிறபொருளெதிரியும் காயத்தைச் சுற்றிப் போடுவார்கள். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்க நாளெடுக்கும், அதுவரை வைரசைத் தடுக்க வேண்டுமே. இந்த ஆயத்தப் பிறபொருளெதிரி குதிரையின் அல்லது மனிதரின் சீரத்தில் இருந்து வருகிறது. குதிரைச் சீரத்தில் ஒவ்வாமை ஆபத்து உண்டு, மனிதச் சீரம் விலை கூட, தட்டுப்பாடும். இந்தியாவில் 2016இல் கலவளர்ப்பில் செய்த மொனோகுளோனல் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனமும் சீரத்துக்கு மாற்றாக மொனோகுளோனல்களைப் பாவிக்க ஊக்குவித்தது. எது இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடித்தவுடன் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள், அப்புறம் டிஸ்பென்சரியோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

2023இல் செய்தியில் அடிபட்ட இம்யூனோகுளோபுலின் ஊசியும் இதுதானா?

இல்லை. மனித இம்யூனோகுளோபுலின் பலருடைய இரத்தத் திரவவிழையத்தைச் சேர்த்துப் பிரித்தெடுப்பது, ஆயிரக்கணக்கான வகைப் பிறபொருளெதிரிகளின் கலவை. கலவளர்ப்பில் வருவது ஒரே வகை.

இதைப் படிக்க எங்கே போகலாம்?

பேராதனையில் விஞ்ஞான பீடத்திலேயே மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழினுட்பத்துக்கென ஒரு துறை இருக்கிறது. உயிரியல் பிள்ளைகள் வைத்தியத்துக்கு இஸட் புள்ளி போதவில்லை என்று அழுதுகொண்டு வருகிறார்கள், இந்தப் பக்கத்தை யாரும் காட்டாததால். ஒன்று மட்டும்: கணிதத்தையும் பௌதிகவியலையும் விட்டுவிடாதீர்கள். பயோரியாக்டரில் பாதி வேலை ஓட்டமும் பரவலும்தான்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் ஏதாவது செய்து பார்க்கலாமா?

விலங்குக் கலம் முடியாது, மதுவத்தைக் கொண்டு செய்யலாம். 2 வீதச் சோடியம் அல்ஜினேற்றுக் கரைசலில் பாண் செய்யும் ஈஸ்டைக் கலந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் 2 வீதக் கல்சியம் குளோரைட்டுக்குள் துளித்துளியாக விடுங்கள். அரை மணித்தியாலம் கட்டியாக விட்டு, கழுவி, சீனிக் கரைசலில் போடுங்கள். முதலில் மணிகள் அடியில் கிடக்கும். நேரம் போகப் போக, உள்ளே உண்டாகும் காபனீரொட்சைட்டு சிக்கிக்கொள்வதால் ஒவ்வொன்றாக மேலே வரும். அதே மணிகளைக் கழுவிப் புதுச் சீனிக் கரைசலில் மறுபடி போட்டுப் பாருங்கள், வேலை செய்யும். பொசுபேற்றோ சித்திரேற்றோ உள்ள கரைசலில் மட்டும் கழுவ வேண்டாம், அவை கல்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், மணி கரைந்து கூழாகிவிடும். தேசிக்காய்ச் சாற்றையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், அதிலும் சித்திரிக்கமிலம் இருக்கிறது.